அப்பா செய்ததா, அம்மா சொன்னதா?

"மறந்துட்டாங்களாம்மா, இல்ல வேணும்னே சொல்லலையா?"

என் மகள் தர்ஷினி கேட்டது இது. அவளுக்குப் பத்து வயது. கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அன்று பள்ளி விட்டு வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல், சமையலறைக்குப் பின்னால் முக்காலி மேல் இருந்த மரப்பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சிமெண்டுத் தரையில் கறுப்பு எள்ளைச் சிந்தியதுபோல் கொசுத்தேனீக்கள் கிடந்தன. சில இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. ஓர் ஏலச்செடி இலையின் நுனியைக் கிழித்து, அசைபவற்றை ஒரு பக்கமும் அசையாதவற்றை இன்னொரு பக்கமும் ஒதுக்கினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே பக்கம் வந்துவிட்டன.

ஏலத் தோட்டத்திலிருந்து பூச்சிமருந்து நெடி வந்துகொண்டிருந்தது. இந்த மலையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். மூக்கில் ஏறும் முன்பே நாக்கில் கசக்கும்.

சென்ற வாரம் இந்தத் தொடரில், நான் கல்யாணமாகிக் கிழக்குப் பாலக்காட்டிலிருந்து சக்குபள்ளத்துக்கு மலையேறி வந்த கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதைத் தொடரத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபமாக இருக்கிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் கோபத்தோடு எழுதலாமா என்ற யோசனை இல்லாமல் இல்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மறுபடி எழுதுகிறேன்.

பஸ்ஸில் வந்த கூடு

அந்தக் கூடு இங்கே வந்ததே ஒரு கூத்து.

கோடை விடுமுறைக்கு என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மாட்டுக் கொட்டகையின் மண்சுவர் பொந்தில் கொசுத்தேனீக்கள் இருந்தன. சுவரை இடித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போடப்போவதாக என் அண்ணன் சொன்னான். தர்ஷினி அந்தப் பொந்தின் முன்னால் உட்கார்ந்தவள் எழவே இல்லை.

"மாமா, இதுக எங்க போகும்?"

"எங்கியாச்சும் போயிக்கும் அம்மிணி. அதுகளுக்கு என்ன, ஊடா இல்ல?"

"நான் கொண்டு போறேன்."

அண்ணன் சிரித்தான். ஆனால் மறுநாளே பலகையறுத்துப் பெட்டி செய்தான். இருட்டியதும் எல்லாம் உள்ளே அடங்க, கூட்டைப் பெயர்த்துப் பெட்டிக்குள் வைத்தான். பொந்தின் வாயில் தேனீக்கள் பிசினும் மெழுகும் சேர்த்துக் கட்டியிருந்த சின்னக் குழலையும் உடையாமல் எடுத்துப் பெட்டி வாயில் ஒட்டினான். ஒரு பக்கமாக வளைந்த குழல். அதன் மேல் கொசுவலைத் துணியைக் கட்டினோம்.

எங்கள் ஊரிலிருந்து இந்த மலைக்கு வரவேண்டுமானால் பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி கேரளத்துக்குள் ஏறுவதுதான் எங்களுக்கு வழக்கம். பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர் அவள் மடியைப் பார்த்தார்.

"பொட்டீல என்ன சாமி?"

"தேனீங்க. உசுரோட இருக்குதுங்க."

பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "கொட்டாதுங்க, கொடுக்கே இல்லீங்க" என்று தர்ஷினி சமாதானம் சொன்னாள். என் ஊருக்குப் போனால் அவள் பேச்சு என்னுடையதாகிவிடும். மலை ஏறினால் அவள் அப்பாவுடையதாகிவிடும்.

"அப்ப உள்ள எத்தன பேருன்னு எண்ணிச் சொல்லு. அரை டிக்கெட்டாச்சும் போடோணுமல்ல?" என்றார் கண்டக்டர்.

வழி நெடுக அந்தப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். மாமனார் என்ன சொல்வாரோ, இந்தக் குளிரில் பிழைக்குமோ, செத்துவிட்டால் இவள் என்ன ஆவாளோ. எதற்கும் முன்கூட்டியே பயப்படுவது என் சுபாவம்.

மாமனார் திட்டவில்லை. பெட்டியை வெயில் படும் பக்கமாகத் திருப்பி வைத்ததே அவர்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

சிரட்டைக் கணக்கு

ஏலச்செடி பூப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பூ மட்டும் தரையில், வேரடியிலிருந்து கிளம்பும் சரத்தில் பூக்கும். வெள்ளைப் பூ, நடுவில் ஊதா வரிகள். விடியும்போது விரியும், மறுநாள் இருக்காது. அதைப் பார்க்க வேண்டுமானால் சருகு மேல் குப்புறப் படுக்க வேண்டும்.

தர்ஷினி படுத்தாள். பக்கத்துத் தோட்டத்து ஆன்மரியா அவள் வகுப்புத் தோழி; அவளும் வந்து படுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி: தேனீ எந்த நேரத்தில் இந்தப் பூவுக்கு வருகிறது?

யாரும் கொடுத்த பாடம் இல்லை. நான் கணிதம் படித்தவள், அட்டவணை போட்டுத் தருகிறேன் என்று போனேன். "வேண்டாம்மா, நாங்களே யோசிக்கிறோம்" என்றாள். மனம் கொஞ்சம் சுருங்கியது, உண்மைதான். அடுத்த விடுமுறை நாளில் போய்ப் பார்த்தால் செடியடியில் தேங்காய்ச் சிரட்டைகள் வரிசையாக இருக்கின்றன. காலைக்கு ஒன்று, காப்பி நேரத்துக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. ஒரு தேனீ பூவில் உட்கார்ந்தால் அந்த நேரத்துச் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை.

எங்கள் தோட்டத்துக்குக் காயெடுக்கக் கம்பத்திலிருந்து ஜீப்பில் பெண்கள் வருவார்கள். அவர்களுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது.

"பாப்பா, இந்தா நான் ஒன்னு பாத்தேன், கொட்டையப் போடு."

"எங்கக்கா?"

"இப்பத்தான் பறந்துச்சு. ஏன், நம்ப மாட்டியா?"

"சும்மா பாத்தேன்னு சொல்லக்கூடாது. உக்காந்துச்சா, பறந்துச்சா?"

"ஆத்தாடி, போலீசு தோத்துச்சு போ!"

சிரித்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு அவர்களும் ஒழுங்காகப் பார்த்துச் சொன்னார்கள். இவள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு அவர்களே கொட்டை போட்டார்கள். ஒருத்தி தன் மடியிலேயே புளியங்கொட்டை முடிந்துகொண்டு வந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அட்டைக்கடியோடு இந்தப் பிள்ளைகள் செய்த வேலை எனக்கு எம்.எஸ்சி.யில்கூட வாய்க்கவில்லை.

முடிவு சிரட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. காலைச் சிரட்டைகள் நிறைந்து வழிந்தன. மத்தியானத்துக்குப் பிறகு அடி தெரிந்தது.

"அப்ப மருந்த மத்தியானம் அடிச்சா தேனீ சாகாதுல்ல தாத்தா?" என்றாள்.

மாமனார் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "சாகாதுதான். ஆனா ஆளு காலைலதான பாப்பா வருது? ஜீப்பு நாலு மணிக்கு எறங்கிரும். பனி விழுந்துட்டா அந்த வளைவுல ஓட்ட முடியாதுல்ல."

இந்த ஊரில் எல்லாமே ஜீப் நேரம்தான். பூ விரிவதும் காலையில், ஜீப் வருவதும் காலையில். பூவுக்குத் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள், தேனீ வரும் நேரத்தில்தான் மருந்தடிக்கிறோம். தலைமுறை தலைமுறையாக.

"சரி, மொத நாளே எங்கிட்ட சொல்லிருங்க. நான் வலையப் போட்டுப் பெட்டி வாய அடச்சிருவேன்."

"சொல்றேன்டா தங்கம். தாத்தா சொன்னா சொன்னதுதான்."

செட்டு சும்மா நின்றது

சொல்லவில்லை.

அன்று நான் மாமியாரைக் கூட்டிக்கொண்டு குமுளிக்குக் கண் டாக்டரிடம் போயிருந்தேன். தர்ஷினி பள்ளியில். வேறொரு தோட்டத்துக்கு வந்த மருந்தடிக்கும் ஆட்கள் (இங்கே 'செட்டு' என்போம்) வேலை சீக்கிரம் முடிந்து நின்றிருக்கிறார்கள். மாமனார் கூப்பிட்டுவிட்டார்.

"செட்டு சும்மா நின்னுச்சு. காயெல்லாம் சொறி புடிக்குது. விட்டா திரும்ப எப்ப கெடைக்கும்? ஈக்காகப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமாத்தா?" என்றார் என்னிடம்.

அவர் சொன்ன காரணத்தில் பொய் இல்லை. பூச்சி விழுந்தால் காய் விலை போகாது. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என்னைக் கூப்பிட அவரிடம் கைப்பேசி இருந்தது. பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. வலைத்துணி பெட்டி மேலேயே மடித்து வைத்திருந்தது. அதே வாக்கை ஏல வியாபாரியிடம் கொடுத்திருந்தால் மறந்திருப்பாரா?

மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே சொல்லவில்லையா என்று அவள் கேட்டதற்கு நான், "தாத்தாவுக்கு ஞாபகம் இல்லாம போயிருச்சு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அவளைப் பள்ளியிலிருந்து நான் கூட்டிக்கொண்டு வந்தபோது என் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்து பாரு! பறந்து போனதெல்லாம் திரும்பி வந்துருச்சு!"

பெட்டி வாயில் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமிக்கு விளக்கேற்றினேன். தர்ஷினி பெட்டிக்கு அருகில் போனாள், பார்த்தாள், "ம்" என்றாள், உள்ளே போய்விட்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

றெக்கையடிக்கும் தேனீ

பள்ளியில் சாஸ்திரமேளா, அதாவது அறிவியல் கண்காட்சி, வந்தது. தர்ஷினியும் ஆன்மரியாவும் சிரட்டைகளைக் கொண்டு போவதாகச் சொன்னார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நல்லவர்; எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து படித்து வந்தவர்.

"ஐடியா நல்லாருக்கு. ஆனா சிரட்டையும் புளியங்கொட்டையும் மேசையில வச்சா பாக்க ஒரு மாதிரி இருக்கும்லங்க? அவங்க அப்பாவ லைட் எரியற மாதிரி ஒரு தேனீ செய்யச் சொல்லுங்க. அப்பறம், தேனீ செத்ததெல்லாம் வேண்டாமே. சின்னப் பிள்ளைங்க புராஜெக்ட், நல்லபடியா முடியட்டும்."

எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நான் படித்த காலத்திலும் இப்படி ஒரு கண்காட்சி. என் பெயரில் ஓர் இதயம் வைக்கப்பட்டிருந்தது. அப்பா, போர்டு எழுதும் பெயிண்டரிடம் சொல்லிச் செய்தது. சிவப்புத் தண்ணீர் ஒரு குழாயில் போய் இன்னொன்றில் வரும். முதல் பரிசு. ரத்தம் எந்தப் பக்கம் உள்ளே போகிறது என்று யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அப்போதும் பரிசு அப்பாக்களுக்குத்தான். இத்தனை காலம் கழித்தும் அதே மேசை, அதே தெர்மகோல்.

என் கணவர் தேனீ செய்தார். ஆசையோடுதான் செய்தார். கண்ணில் சிவப்பு விளக்கு, சின்ன மோட்டாரில் றெக்கை அடிக்கும். மேசையின் நடுவில் அது வந்தது. அதன் ஒரு பக்கம் தேனீப் பெட்டி, வாயில் வலை கட்டி. சிரட்டைகள் ஓரத்துக்குப் போயின.

நடுவர் ஒருவர் வந்தார். முதல் கேள்வியே, "இது அப்பா செஞ்சதா?"

"ஆமா சார். அது அப்பாவோடது. சிரட்டைதான் எங்களோடது" என்றாள் தர்ஷினி.

அவர் சிரித்தார். சுற்றி நின்ற பெற்றோர்களும் சிரித்தார்கள். சிரட்டையைப் பற்றிக் கேட்டார். ஆன்மரியா மலையாளத்திலும் இவள் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவர் குனிந்து கவனமாகக் கேட்டார். கடைசியில் பெட்டியைக் காட்டினார்.

"இது உங்க தோட்டத்துக் கூடா?"

"இல்ல சார். எங்க கூட்டுல இருந்ததெல்லாம் மருந்தடிச்சப்ப செத்துருச்சு. இது அப்பா வேற எங்கயோ வாங்கிட்டு வந்தது."

என் கணவரைப் பார்த்தேன். அவர் அந்த மோட்டார் தேனீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது றெக்கை அடித்துக்கொண்டே இருந்தது.

யார் சொல்லிக் கொடுத்தது?

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டது.

"பிள்ள அழக்கூடாதுன்னுதான ஆனைக்கரையில அலைஞ்சு வாங்கியாந்தேன். அத்தன பேரு முன்னாடி அப்பன் பொய் சொன்னான்னு சொல்ல வச்சிட்டியே" என்றார் கணவர். என்னிடம்.

வீட்டில் மாமனார் காத்திருந்தார். கூட்டத்தில் இருந்த யாரோ அதற்குள் போன் செய்திருந்தார்கள்.

"நீதான ஆத்தா சொல்லிக் குடுத்த? பத்து வயசுப் பிள்ளைக்குத் தானா வருமா இதெல்லாம்? ஊரே மருந்தடிக்குது. நம்ம வீட்டுப் பேர எதுக்கு இழுக்கணும்?"

இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினேன். கோபம் வந்தால் எனக்கு என் ஊர்ப் பேச்சுத்தான் வருகிறது.

"நானேனுங்க மாமா சொல்லிக் குடுக்கோணும்? கூடு மாத்துனதே எனக்குத் தெரியாதுங்க. நான் வெளக்குப் பத்த வெச்சவளுங்க! அவளுக்குத் தெரிஞ்சுது. அவளுக்குத் தெரிஞ்சுதுன்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல, வாங்கியாந்தவருக்கும் தெரியல!"

மாமனார் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

பிறகு அவளிடமே கேட்டேன். எப்படித் தெரிந்தது?

"நம்ம கூட்டு வாயில இருந்த குழல் ஒரு பக்கமா வளைஞ்சிருக்கும்மா. இது நேரா இருக்கு. ரெண்டு மூணு நாள்ல அதுகளால இவ்வளவு பெருசா கட்ட முடியாது."

"அன்னிக்கே ஏன் சொல்லல கண்ணு?"

"அப்பா சந்தோசமா இருந்தாரு."

"அப்பறம் அங்க மட்டும் ஏன் சொன்ன?"

"அந்த சார் கேட்டாரும்மா. நீங்க யாரும் கேக்கல."

பார்வைக்கு நன்றாக இருந்தால் அப்பா செய்தது. உண்மையாக இருந்தால் அம்மா சொல்லிக் கொடுத்தது. குப்புறப் படுத்து, அட்டைக்கடி வாங்கி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தவளுக்கு என்ன மிச்சம்? உதவி செய்கிறோம் என்று எல்லாரும் வந்தோம். பெட்டி செய்தோம், கொட்டை போட்டோம், கை தட்டினோம். அவள் கண்டுபிடித்தது நம் வேலைக்கு இடைஞ்சல் என்று ஆனதும் ஒவ்வொருவராகக் கையை எடுத்துக்கொண்டோம். பரிசு மோட்டார் தேனீக்குக் கிடைத்தது. அதை வாங்க அவள் மேடைக்குப் போகவில்லை. ஆன்மரியா போய் வாங்கிவந்தாள்.

மைக் முன்னால்

இவ்வளவும் ஆன பிறகு அவள் சும்மா இருப்பாள் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு பக்கம் நினைத்தேன்.

அவள் நேராக ஜீப் டிரைவரிடம் போயிருக்கிறாள். மருந்தடிக்கிற நாளில் மட்டும் மத்தியானம் வர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் முதலில் சிரித்திருக்கிறார். பிறகு சொன்னாராம்:

"ஒரு தோட்டத்துக்குன்னா கட்டாது பாப்பா. இந்த வார்டுல எல்லாரும் சேந்து ஒரே நாளா வச்சாங்கன்னா, மத்தியானம் ஏறி, அடிச்சிட்டு, ராத்திரி இங்கனயே தங்கிட்டு விடிய எறங்கிருவோம். ஆனா யாரு பேசுறது?"

அடுத்த மாதம் எங்கள் வார்டில் கிராமசபை. அங்கே எழுந்து கேட்கப் போவதாகச் சொல்கிறாள். ஆன்மரியா வருவாளா என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டிலும் ஏலம்தான்.

மாமனார் இந்த முறை கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "மருந்தப் பத்தி மைக்குல பேசுனா, சக்குபள்ளத்துக் காயில விசம்னு வெளிய பேச்சுப் போயிரும். நாளைக்கு யாரு வாங்குவா? நம்ம சோறும் அதுதான், ஜீப்புல வர்றவங்க சோறும் அதுதான்." அந்த ஏலக்காயில்தான் இவள் பள்ளிக்கூடக் கட்டணம் போகிறது.

கணவர், "உன் இஷ்டம்" என்கிறார். அவர் அப்படிச் சொன்னால் இஷ்டம் இல்லை என்று பொருள்.

அவளைக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த ஆத்திரம்தான் பயமுறுத்துகிறது. கேட்கப் போவது அவள் கேள்வியா, இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த என் கோபமா? நடுவில் விளக்கு எரியும் தேனீயை வைத்தவர்களைத் திட்டிவிட்டு, நானும் அவளை அப்படி ஒரு மேசை மேல் ஏற்றி வைக்கிறேனா?

படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள் இருப்பீர்கள். தோட்டக்காரர்களும் இருப்பீர்கள், உங்களிடமிருந்து வந்தால் இன்னும் நல்லது. எனக்கு எழுதுங்கள். "பாராட்டுகள் சகோதரி" என்று எழுத வேண்டாம். நான் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள்.

கிராமசபையில் நான் அவள் பக்கத்தில் போய் நின்றால், அம்மா சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாள் என்று உட்காரச் சொல்லிவிடுவார்கள். நிற்காவிட்டால், அத்தனை பெரியவர்களுக்கு நடுவில் அவள் தனியாக எழ வேண்டும். மைக் அவளுக்கு எட்டாது. அதை இறக்கிக் கொடுக்கவாவது ஒரு ஆள் வேண்டும். இறக்கிக் கொடுத்த பிறகு நான் எங்கே போய் நிற்கட்டும்?